இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில்

தடுப்புக் கம்பம் மேலே போயிற்று. "வால்பாறைங்களா? ஓட்டறது நீங்கதானுங்களா?" என்று குனிந்து கேட்ட வனக்காவலர், பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்த அவள் கணவர் சேதுராமலிங்கத்தைப் பார்த்தார், யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்த அவருடைய வலது கையைப் பார்த்தார், அதற்குமேல் எதுவும் கேட்காமல், "மெதுவாப் போங்க, மேல பனி இருக்குது" என்று வழிவிட்டார். பவளக்கொடி கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். சின்ன வெள்ளைக் கார் ஒரு தடவை தலையாட்டிவிட்டு நகர்ந்தது. இருபதில் இரண்டு, முப்பதில் மூன்று, நாற்பதில் நாலு. பயிற்சிப் பள்ளியில் சம்பூரணம் என்கிற பெண் முதல் நாளே சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு அது. வாய்ப்பாடு என்றால் பவளக்கொடிக்குப் பிடிக்கும். வருஷக்கணக்காக ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணக்கு நடத்துகிறவள். பொள்ளாச்சியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நூல் பிடித்ததுபோல் ஓடும் சாலையில், வேகமுள் இருபதைத் தொட்டதும் கியரை மாற்றினாள், முப்பதைத் தொட்டதும் மாற்றினாள், ஒரு நாளும் பிசகவில்லை. இப்போது எதிரே மலை நின்றது. நின்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை, வானத்தில் பாதியை அது எடுத்துக்கொண்டிருந்தது, மீதிப் பாதியை அதன் பனி எடுத்துக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மலையில்தான் குடியிருக்கிறாள், எத்தனை நூறு தடவை ஏறியிருப்பாள், இறங்கியிருப்பாள், ஆனால் எல்லாம் இடது பக்கத்து இருக்கையில், கையில் கசக்கிய எலுமிச்சை இலையோடு, கண்ணை மூடிக்கொண்டு. வளைவுகள் அவளுக்கு வயிற்றில்தான் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டு இந்தச் சாலையை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது இப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் உள்ளங்கை வேர்த்தது. பயத்தில்தான் வேர்த்தது என்று நினைத்தாள், ஆனால் பயம் மட்டும் என்றால் ஏன் நெஞ்சு இப்படி விரிகிறது, கோயில் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் சின்னப்பிள்ளைபோல.

குரங்கு அருவியின் இரைச்சல் வந்தது, போயிற்று. ஜன்னல் வழியே ஈரக் காற்று அவர் முகத்தில் பட்டது, அவர் கண் சிமிட்டவில்லை. முதல் வளைவு, வலது பக்கம் அகலமாகத் திரும்பியது, இரண்டாவது கியரிலேயே வண்டி சுற்றி வந்துவிட்டது. அவ்வளவுதானா என்று இருந்தது. அடுத்தது இடது பக்கம், உள்வாட்டில், சாலை அங்கே திரும்புவதோடு நிற்காமல் எழுந்தும் நின்றது, முள் பதினெட்டு, பதினாறு, பதின்மூன்று என்று இறங்கியது, இன்ஜின் சத்தம் அடியில் போய்க் கரகரத்தது, ஏதாவது செய்யவேண்டும் என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. அதற்குள் எப்படியோ வளைவு முடிந்து வண்டி பிழைத்துக்கொண்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்து மாட்டிக்கொண்டது. சம்பூரணம் சொன்ன வாய்ப்பாடு கியரில் ஏறுவதற்கு மட்டும்தான். வேகம் கூடும்போது எங்கே மாற்றுவது என்று அதில் இருக்கிறது, குறையும்போது எங்கே மாற்றுவது என்று இல்லை. பொள்ளாச்சியில் வேகத்தைக் குறைத்தது அவள் கால்; இங்கே குறைப்பது மலை. மலை எதைக் கேட்டுக்கொண்டு குறைக்கிறது? கணக்கு டீச்சர் என்பதால் கியர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், இத்தனை வருஷமும் விகிதம் நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு பல்சக்கரங்களை வரைந்துதான் ஆரம்பிப்பாள்: பத்துப் பல் உள்ள சக்கரம் முப்பது பல் உள்ள சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு, வலு மூன்று மடங்கு, ஒன்றைக் கொடுக்காமல் இன்னொன்று கிடைக்காது பிள்ளைகளா, எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவளும் சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்தச் சக்கரங்கள் உண்மையிலேயே இருக்கின்றன, இதோ முழங்காலுக்குப் பக்கத்தில் தகரத்துக்கு அடியில் எண்ணெயில் குளித்துக்கொண்டு பல்லோடு பல் கோத்துச் சுழல்கின்றன, அவள் கரும்பலகையில் வரைந்த அதே இரண்டு வட்டங்கள், இரண்டு மனிதர்களையும் ஒரு சக்கர நாற்காலியையும் மூட்டை முடிச்சுகளையும் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் போகின்றன என்பதை நினைத்ததும் அவளுக்கு வாய் உலர்ந்தது. முன்னால் இன்ஜினுக்குள் தீக்குச்சி அளவு தீ. ஒரு சொட்டுப் பெட்ரோலில் பாதிகூட இருக்காது, பற்றும், அணையும், பற்றும், அணையும், அந்தப் பொட்டுத் தீ ஒன்றன்பின் ஒன்றாக இந்த மலையைத் தள்ளுகிறது. மலையையா வண்டியையா, யார் எதைத் தள்ளுகிறார்கள், பார்த்தால் மலைதான் காலடியில் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, சாலையிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாகவும் இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் இந்த வண்டியில் அவர் என்ன நினைக்கிறார் என்பது பவளக்கொடி ஒருபோதும் யோசிக்கவேண்டியிராத விஷயம். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களின் இரைச்சலுக்குமேல் பேசிப் பேசிப் பழகிய குரல் அவருடையது. வீட்டிலும் அதே குரல்தான், வண்டியிலும் அதே குரல்தான். கல்யாணமான புதிதில் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று உட்காரவைத்தார். "மாத்து. மாத்து பவளம், வண்டி கத்துதே காதுல விழலையா? இப்ப மாத்து. இப்ப இல்ல. போச்சு." எப்போது என்று அவள் கேட்டாள். "கேட்டா சொல்றதுக்கு இது என்ன கணக்கா? காதுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். மூன்று நாளில் அவள் இறங்கி இடது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் கெட்டவர் இல்லை. அதை அவள் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், உண்மையும்கூட. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியெல்லாம் நெற்றியில் துணி போட்டவர், மகள் இசைச்செல்விக்குத் தலை பின்னிவிட்டவர். ஆனால் அந்தக் குரல் எழும்போது அவள் தோள்கள் இரண்டும் தாமாகவே காதுப்பக்கம் ஏறும். மழைக்கு ஒடுங்குகிற கோழி மாதிரி. பிறகு ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து செம்பு விழுந்தது, எடுக்கக் குனிந்தார், எழவில்லை. கோயம்புத்தூரில் டாக்டர் வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டி, தலையின் இடது பக்கத்தில் ஒரு பாக்கு அளவு நிழலைக் காட்டினார். "பேச்சு இருக்கிற இடம் இதும்மா. நாம சொல்றது அவருக்குப் புரியும். அவருக்குச் சொல்லத்தான் வராது. வரலாம், வராமலும் போகலாம்." அந்த நிழலைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். அத்தனை பெரிய குரல், தொழிற்சாலையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கிற குரல், இந்தப் பாக்களவு இடத்திலா இருந்தது? பாட்டு, திட்டு, பேரம், அவளைக் கூப்பிடுகிற பவளம், எல்லாமா? அழுகை வருவதற்கு முன்னால், ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெடுநாள் ஓடிய ஏதோ ஓர் இயந்திரத்தை யாரோ நிறுத்தியதுபோல் உள்ளே ஓர் அமைதி விழுந்தது, அதில் தோள்கள் இறங்கின. பிறகு அழுதாள். அழுகை மெய்தான். ஆனால் அந்தக் கணமும் மெய்தானே. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நாலு மாதமாக வைக்க இடமில்லாமல் சுமக்கிறாள். பேச்சுப் பயிற்சிக்கு வரும் ரெஹானா படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "சார், இது என்ன, த... தண்... சொல்லுங்க பாக்கலாம்" என்று காத்திருக்கும்போதெல்லாம், அவர் உதடு துடித்துத் துடித்து ஒன்றும் வராமல் கண் கலங்கும்போதெல்லாம், வரட்டும் கடவுளே என்று வேண்டிக்கொள்வாள், வேண்டுதலின் அடியில் இன்னொன்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள்.

வாடகைக் காரில்தான் வருவதாக இருந்தது. இசைச்செல்வி பெங்களூரிலிருந்து போன் செய்து, "அம்மா, தயவுசெஞ்சு நீ ஓட்டாத, லைசென்ஸ் வந்து மாசங்கூட ஆகல" என்றாள், அக்கா அதையே பத்துத் தடவை சொன்னாள், பவளக்கொடியும் எனக்கென்ன பைத்தியமா என்றாள். காலையில் வாடகைக் கார், நாலு மாதமாக அவர்கள் தங்கியிருந்த பொள்ளாச்சி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது. இவரைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். குதிகால், பாதம், விரல், குதிகால், பாதம், விரல் என்று உடற்பயிற்சிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து வைத்து வந்தவர், அந்த வண்டியைத் தாண்டி, வேப்பமரத்தடியில் நாலு மாதமாகச் சருகு மூடிக் கிடந்த தன் வண்டியிடம் போய் நின்றார். இடது கையால் கதவுப் பிடியைப் பற்றினார். விடவில்லை. "அதுல வேண்டாம் மாப்பிள்ளை, இதுல வாங்க" என்று அக்கா புருஷன் இழுத்துப் பார்த்தார். அவர் இழுத்த இழுப்புக்கு இவர் உடம்பு சாய்ந்தது, கை விடவில்லை, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாடகைக் காரின் டிரைவர் ஒரு பீடி முடியும்வரை காத்திருந்தார், பிறகு இன்னொரு சவாரி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது பவளக்கொடி அக்காவிடம் சாவியைக் கேட்டாள். அவர் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டார் என்று இப்போதும் தெரியவில்லை. தானே ஓட்டப்போவதாக நினைத்தாரோ? அல்லது அவள் ஓட்டவேண்டும் என்றா? அல்லது அது வெறும் கையின் பிடிவாதமா? கைக்கென்று ஒரு ஞாபகம், பிடித்ததை விடாத ஞாபகம். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையசைத்திருப்பார், ஆம் என்றும் இல்லை என்றும் ஒரே அசைவுதான் இப்போது.

நாலாவது வளைவுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் சாலை கொஞ்சம் நேராகக் கை நீட்டியது. முள் இருபத்தைந்து போயிற்று, இருபத்தெட்டு, முப்பதைத் தொட்டது, முப்பதில் மூன்று. மாற்றினாள். சரியாகத்தான் மாற்றினாள், வாய்ப்பாட்டின்படி, கியரின் பல்கூடக் கடிக்கவில்லை, மனசுக்குள் ஒரு சின்னப் பெருமிதம்கூட எட்டிப் பார்த்தது, அது தலையை உள்ளே இழுத்துக்கொள்வதற்குள் வளைவு வந்துவிட்டது, இடது பக்க வளைவு, உள்வாடு, சுவர்போல் நின்றது. இன்ஜின் குரல் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது, ஸ்டியரிங் நடுங்கியது, இருக்கை நடுங்கியது, மாத்து என்று உள்ளே அந்தக் குரல் எழுந்தது, அவர் குரல், பக்கத்தில் ஊமையாக உட்கார்ந்திருப்பவரின் குரல் அவள் தலைக்குள்ளிருந்து எழுந்தது, இப்ப மாத்து, இப்ப இல்ல, போச்சு, தோள்கள் ஏறின, கை கியரைத் தேடியது, இரண்டா ஒன்றா, இரண்டா ஒன்றா என்பதற்குள் வண்டி ஒரு உதறு உதறி நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது. ஒரு முழம் இருக்கும். பிரேக்கின் மேல் ஏறி நின்றாள் என்றே சொல்லலாம், கைபிரேக்கை இழுத்தாள், அது போதாது என்று மேலும் இழுத்தாள். எதிரே வளைவின் மேல் முனையில் ஒரு பேருந்து, இறங்கி வந்தது, அவளைப் பார்த்து மூச்சுவிட்டு நின்றது.

கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார். ஒல்லியான மனிதர், தோள்பை இடுப்பில் அடித்துக்கொண்டு வந்தது. "பிரேக்க மட்டும் விட்ராதீங்கம்மா. அப்படியே இருங்க." ஓரத்திலிருந்து ஒரு கல்லை உருட்டிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். கையைத் தட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்தவர் உள்ளே பார்த்தார். "அய்யாவுக்கு முடியலைங்களா?" "ஆமாங்க." "நீங்க கூட்டிட்டுப் போறீங்க." அது கேள்வி இல்லை. "உங்களால பின்னால வரமுடியுங்களா, நாங்க வேணா..." என்று ஆரம்பித்தவர் பேருந்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வேண்டாம். ஏறுற வண்டிக்குத்தான் வழி. அவசரமே இல்லீங்க, நாங்க நிக்கிறோம்" என்றார். பேருந்தின் டிரைவர் இன்ஜினை அணைத்தார். அந்தப் பெரிய இரைச்சல் அடங்கியதும் மலை கேட்டது. எங்கோ தண்ணீர் ஒழுகும் சத்தம், சில்வண்டு, மூங்கில் ஒன்றோடொன்று உரசும் சத்தம், அதெல்லாம் அவள் நின்றதற்காக ஆரம்பித்ததுபோல் இல்லை, எப்போதும் இருந்தது, யாரும் நிற்காததால் கேட்காமல் இருந்தது. பேருந்தின் ஜன்னல்களில் முகங்கள். தலைக்குத் துண்டு கட்டிய கிழவர், மடியில் கூடை வைத்திருந்த பெண், கண்ணாடியில் மூக்கை ஒட்டி நசுக்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒரு வண்டி நிறைய மனிதர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். எப்போது மாற்றுவது என்று தெரியாத ஒரு பெண்ணுக்காக. வாழ்க்கையில் இதற்குமுன் யாரும் அவளுக்காக இப்படி நின்றதாக நினைவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கியிருப்பார் என்று எதிர்பார்த்தாள், அந்தப் பழைய சுருக்கம். இல்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார், தலையைச் சற்றுச் சாய்த்து, எதையோ கேட்பவர்போல. தண்ணீரையா மூங்கிலையா தெரியவில்லை.

முள்ளைப் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, பூஜ்ஜியம். சாவியைத் திருகினாள், முதல் கியரைப் போட்டாள், ஆக்சிலேட்டரை மிதித்தாள், இன்ஜின் சத்தம் உயர்ந்து நின்றது. கிளட்சைக் காகிதக் கனம் காகிதக் கனமாக மேலே விட்டாள். ஓரிடத்தில், சொல்லமுடியாத ஓரிடத்தில், சத்தம் ஒரு படி இறங்கியது, வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை எழுந்தது, செருப்பின் அடித்தோலுக்குள் ஏதோ ஒன்று உயிரோடு வந்து முட்டியது. அதுதான். அங்கேதான். எதிலும் எழுதியிராத இடம். வயிற்றுப்பிள்ளை முதல் தடவை அசைந்தபோதும் இப்படித்தான், எங்கே என்று விரல் வைக்கமுடியாமல், ஆனால் சந்தேகமே இல்லாமல். கைபிரேக்கை இறக்கினாள். வண்டி பின்னால் போகவில்லை. ஒரு கணம் முன்னாலும் போகவில்லை; மலைக்கும் அந்தத் தீப்பொட்டுகளுக்கும் நடுவில், சரிசமமாக, அவள் உள்ளங்காலில் தொங்கிக்கொண்டு நின்றது. பிறகு ஏறியது. "அப்படித்தாங்க, அப்படியே விடுங்க" என்று கண்டக்டர் பின்னால் நடந்துகொண்டே சொன்னது கேட்டது, பேருந்தைக் கடக்கும்போது கூடைக்காரப் பெண் தலையை அசைத்ததுபோல் இருந்தது, பதிலுக்குக் கையைத் தூக்க அவளிடம் கை மிச்சமில்லை.

ஆறாவது வளைவு வந்தது, போனது. ஏழாவதும் போனபிறகுதான் ஒன்று அவளுக்குத் தட்டுப்பட்டது, தட்டுப்பட்டதும் பிடரி சிலிர்த்தது. வளைவுக்குள் நுழையும்போது வண்டி இரண்டில் இருந்தது. வெளியே வரும்போதும் இரண்டில் இருந்தது. நடுவில், அந்த ஏற்றத்தில், ஒன்றுக்கு இறங்கி மறுபடி இரண்டுக்கு ஏறியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் நின்றிருக்கும். ஏறியிருக்கிறது. கை போய்வந்திருக்கிறது. கால் அழுத்தி விட்டிருக்கிறது. அவளுக்குத் தெரியாது. அவள் அந்த நேரத்தில், பேருந்திலிருந்த குழந்தையின் நசுங்கிய மூக்கை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் மாற்றியது யார்? அவளுக்குள் அவளைக் கேட்காமலே மலையைக் கேட்கிற ஒருத்தி எப்போது வந்து உட்கார்ந்தாள்? வந்தவளைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது, தூங்கும் பிள்ளையைப் பார்த்தால் விழித்துக்கொள்ளுமோ என்று பயப்படுவதுபோல. எட்டாவது வளைவில் வேண்டுமென்றே கவனித்தாள், இப்போதா, இப்போதா என்று கேட்டாள், உடனே கை குழம்பியது, இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் எந்தக் கியரிலும் இல்லாத அந்த வெற்றிடத்தில் கியர்க் குச்சி லொடலொடவென்று ஆடியது, பல் கடித்துக் கறகறத்தது. கேட்பதை விட்டாள். விட்டதும் சரியாயிற்று. ஆக, கேட்டால் வராது. சொன்னாலும் வராது. "கேட்டா சொல்றதுக்கு இது என்ன கணக்கா?" அவர் சொன்னது உண்மைதான், அவருக்கே சொல்லத்தெரியாத ஒன்றைச் சொல்லமுடியாமல்தான் அன்றைக்குக் கத்தினாரோ என்னவோ. நினைவு அங்கே போய் நின்றது, அங்கிருந்து வழுக்கி வேறிடம் போயிற்று: குதிகால், பாதம், விரல். மூன்று மாதமாக ஒவ்வொரு காலடியையும் கேட்டுக் கேட்டு வைக்கிறாரே. ஒவ்வொரு சொல்லையும், அந்த வெற்றிடத்தில் குச்சி ஆடுவதுபோல, எந்தப் பல்லிலும் சிக்காமல் தேடித் தேடி. பிறந்து ஒரு வயதில் அவருக்குள் வந்து உட்கார்ந்த ஒருவர், நடந்தவர், பேசியவர், அவரைக் கேட்காமலே எல்லாம் செய்தவர், ஒரு செம்பு விழுந்த சத்தத்தில் எழுந்து போய்விட்டார். அவளுக்குள் ஒருத்தி இன்றைக்கு வந்திருக்கிறாள். எங்கிருந்து வருகிறார்கள் இவர்கள், எங்கே போகிறார்கள்? உடம்பு என்று நாம் சொல்வது எத்தனை பேர் குடியிருக்கிற வீடு? அவளுக்குக் கண் கரித்தது, துடைக்கக் கை வரவில்லை, பனிதான் கண்ணாடியை மூடுகிறது என்று நினைத்துக்கொண்டு வைப்பரைப் போட்டாள். அது கொஞ்ச நேரம் கிறீச்சிட்டுக்கொண்டு காய்ந்த கண்ணாடியைத் துடைத்தது.

ஒன்பதாவது வளைவில் பனி விலகியது. வலது பக்கம் மலை சட்டென்று இல்லாமல் போய், கீழே, மிகக் கீழே, ஆழியாறு நீர்த்தேக்கம் வெயிலில் கிடந்தது. அதற்கப்பால் தென்னைகள், அதற்கப்பால் இன்ன நிறம் என்று சொல்லமுடியாத சமவெளி, அதில் எங்கோ அக்காவின் வீடு, வேப்பமரம், மருத்துவமனை, வெளிச்சப் பலகை. அத்தனை உயரமும் இந்தக் காலால் ஏறியதா என்று அவள் மலைத்த அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரப்பாக, ஈரமில்லாமல், பரணில் ரொம்ப நாள் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல்.

"ரெண்டு."

வண்டி இரண்டில்தான் இருந்தது. அவள் வாய் தானாகப் பேசியது, "போட்டுட்டேங்க." சொன்னபிறகுதான் அது என்ன, யார் பேசியது என்பது வந்து மோதியது, மோதியதோடு இன்னொன்றும். தோள்கள். தோள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் காத்திருந்தாள், இதோ ஏறும், இதோ ஏறும் என்று, ஏறவில்லை. வேண்டுதலின் அடியில் கிடந்ததை நாலு மாதமாகத் தொட அஞ்சிய கையால் இப்போது தொட்டுப் பார்த்தாள், அங்கே எதுவும் கூரியதாக இல்லை. காட்சிமுனைக்காக ஒதுக்கியிருந்த அகலமான ஓரத்தில் வண்டியை ஒதுக்கினாள், நிறுத்தினாள், கைபிரேக்கை இழுத்தாள், ஒன்றில் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் கியரைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. இடது பக்க ஜன்னல் வழியே மேலே பார்த்துக்கொண்டிருந்தார். சாலைக்குமேல் துருத்திய பாறையில், கால் வைக்கவே இடமில்லாத விளிம்பில், இரண்டு வரையாடுகள் நின்றன. ஒன்று புல்லை மென்றுகொண்டிருந்தது. மற்றது அந்தப் பெரும் பள்ளத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது, குளம்பு நான்கும் சேர்ந்தாலே ஓர் உள்ளங்கை அளவு இடத்தில், விழுவது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாததுபோல்.

ஆட்டைச் சொன்னாரா, கியரைச் சொன்னாரா? அல்லது எதையும் சொல்லாமல், நாலு மாதம் எங்கோ அடியில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சொல், இந்த உயரத்தில் தானாகப் பல்லில் வந்து சிக்கிக்கொண்டதா? தண்ணீர் இல்லை, அம்மா இல்லை, ரெஹானாவின் படங்களில் ஒன்றும் இல்லை, பவளம்கூட இல்லை. ரெண்டு. அவர் முகத்திலும் அதே திகைப்புதான் இருந்தது, இது என்னிடமிருந்தா வந்தது என்கிற திகைப்பு. உதட்டை மறுபடி கூட்டினார், அது துடித்தது, ஒன்றும் வரவில்லை, ஆனால் கண் கலங்கவில்லை இந்தத் தடவை. அவள் அவசரப்படுத்தவில்லை. எந்த ரெண்டு என்று கேட்கவும் இல்லை. "ஆமாங்க, ரெண்டு" என்றாள். அவர் வாயின் இடது பாதி மெல்ல விரிந்தது; வலது பாதி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார்களோ. கீழே நீரின்மேல் ஒரு மேகத்தின் நிழல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போயிற்று. இன்னும் முப்பத்தொரு வளைவு இருந்தது, பாதிக்குமேல் பனிக்குள், அதில் எத்தனையில் நிற்பாளோ, யார் கல் வைப்பார்களோ, அவர் இனி இன்னொரு சொல் சொல்வாரோ மாட்டாரோ, சொன்னால் அது எந்தக் குரலில் இருக்குமோ. எல்லாம் மனசில் வந்தன, வந்து ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன, ஆனால் எதுவும் அவளைப் பிடித்து உலுக்கவில்லை. சாவியைத் திருகினாள். முகத்தைச் சாலைக்குத் திருப்ப மனமில்லாமல் இன்னும் ஒரு நொடி அந்தப் பாறையையே பார்த்தாள். மென்றுகொண்டிருந்த ஆடு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பிறகு, ஒரு குளம்பைக்கூட எடுத்துவைக்காமல், அந்த விளிம்போடும் பாறையோடும், மெல்ல, மிக மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பாறை எப்படி நகரும் என்று அவள் வியந்தாள். வியந்து முடிப்பதற்குள் உள்ளங்காலில் மலையின் கனம் தெரிந்தது, கைபிரேக்கை இறக்கிய கையும் கிளட்சை விட்ட காலும் அவளைக் கேட்டிருக்கவில்லை, ஏறிக்கொண்டிருப்பது தாங்கள்தான் என்று புரிந்தது.